டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு நானோ துகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் டயாலிசிஸ் மையம் இல்லாத வட்டாரம் இன்று அரிது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தொகுதியின் மாடியானாலும் கிள்ளானில் ஓர் அறநிறுவனத்தின் கூடமானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தம் கழுவப்படுகிறது. வருபவர்களில் பலருக்கு அவ்வப்போது ஓர் ஊசி மருந்தும் உண்டு. தாதி ஐந்து மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, உள்ளே இருக்கும் கோப்பி-ஓ நிறத் திரவத்தை உப்புநீரில் கலந்து, இயந்திரத்திலிருந்து உடலுக்குத் திரும்பும் குழாயில் மெல்ல ஏற்றுவார். குழாய் சற்று நேரம் பழுப்பேறிப் பிறகு தெளியும்.

குப்பியில் இருப்பது இரும்பு சுக்ரோஸ். ஒரு குப்பிக்கு 100 மில்லிகிராம் இரும்பு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதை ஊசியால் கொடுத்தாலும், சிவப்பணு உருவாக இரும்பு வேண்டும். அதனால்தான் இந்தக் குப்பி. இது உப்புக் கரைசல் போன்ற கரைசல் என்று பலர் எண்ணுவதுண்டு. அப்படி அல்ல. உள்ளே மிதப்பவை சில நானோமீட்டர் அளவுள்ள திடத் துகள்கள். நடுவில் இரும்பின் ஆக்சி-ஹைட்ராக்சைடு, சுற்றிலும் சர்க்கரை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே ‘கனிம நானோ துகள்’ என்று ஆய்விதழ்கள் எதை எழுதுகின்றனவோ, அது ஏற்கெனவே நம் மாமா, அத்தைகளின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்தாக நானோ துகள்களைப் பற்றிப் பேசும்போது, ஏதோ இருபது ஆண்டு கழித்து வரப்போகும் அதிசயம் போலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது வந்து, விற்று, தோற்று, கடையைக் கட்டிவிட்டு, வேறு வாசல் வழியாகத் திரும்பிய சரக்கு. அந்த வாசல் சிறுநீரக நோயாளியின் வாசல். மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கதையில் தனி அக்கறை இருப்பது அதனால்தான்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை. நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்களாக நடந்துகொள்பவை. மருத்துவமனைகளில் சாதாரணமாகக் காணப்படும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அதற்குள் படுத்தவுடன் அந்த அணுக்கருக்களில் மிகச் சிறு பங்கு ஒரே திசையில் சாய்கிறது. 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை ஒன்றை அனுப்பி அந்தச் சாய்வைக் குலைக்கிறார்கள். குலைந்தவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தாமும் ஒரு மெல்லிய அலையை வெளியிடுகின்றன. அதைக் கேட்டுத்தான் கணினி படம் வரைகிறது.

திரும்புதல் இரண்டு விதமாக நடக்கிறது. காந்தப்புலத்தின் திசைக்கு மீண்டும் நிமிர்வதற்கான நேரம் டி1. ஒன்றாகச் சுழன்றவை ஒன்றுக்கொன்று தாளம் தப்பிப் போவதற்கான நேரம் டி2. மூளையின் வெள்ளைப் பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும், கல்லீரலுக்கும் அதனுள் உள்ள கட்டிக்கும் இந்த நேரங்கள் வேறுபடுவதால்தான் படத்தில் வெளிச்சமும் இருளும் வருகின்றன. வேறுபாடு போதாத இடத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படுகிறது. எக்ஸ்ரேயில் அயோடின் தானே நிழலாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் மருந்து தெரிவதில்லை. தன்னை உரசிச் செல்லும் தண்ணீர் மூலக்கூறுகளின் நேரத்தை அது குறைத்துவிடுகிறது, அந்த விளைவுதான் தெரிகிறது. மருத்துவப் படங்களைப் பற்றிய பேச்சில் அதிகம் தவறவிடப்படும் நுட்பம் இது.

இந்த வேலைக்கு முதலில் அரங்கேறியது கடோலினியம். அதன் அயனியில் இணை சேராத எலக்ட்ரான்கள் ஏழு. டி1 நேரத்தைக் குறைப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் தனி அயனியாக உடலுக்குள் விட்டால் நஞ்சு. அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால் கால்சியம் போகவேண்டிய வழிகளில் புகுந்து அடைத்துவிடும். ஆகவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் இறுகப் பிடித்துவைத்து ஏற்ற வேண்டியிருந்தது. பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய மேக்னவிஸ்ட் 1988-இல் சந்தைக்கு வந்தது. ஊசி போட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும். ஆரோக்கியமான சிறுநீரகம் இருந்தால்!

இல்லாதவர்களுக்கு அந்தப் பாதி நேரம் முப்பது மணியைத் தாண்டியது. அதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தில், சிறுநீரக நோயாளிகளுக்குக் கடோலினியமே பாதுகாப்பானது என்று தாராளமாகக் கொடுத்தார்கள், சில இடங்களில் இரட்டை மடங்கு, மூன்று மடங்கு அளவில். 1997-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலரின் தோல் மரப்பலகைபோல் இறுகத் தொடங்கியது. முழங்கால் மடங்கவில்லை, விரல்கள் விரியவில்லை. அப்படி ஒரு நோய் அதற்கு முன் மருத்துவ நூல்களில் இல்லை. காரணம் தெரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் தன் நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டியபோது, பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் கடோலினிய ஸ்கேன் எடுத்தவர்கள் என்று கண்டார். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. ஸ்கேன் அறையில் இன்று நம்மிடம் ‘கிட்னி பிரச்சினை உண்டா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி பிறந்த கதை இதுதான்.

கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே அது முப்பது விழுக்காட்டைத் தாண்டியது, எல்லா இனத்தவரையும்விட அதிகம். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர்தான். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த இரண்டு தலைமுறைகளின் உணவு, உழைப்பு, வருமானம் எல்லாம் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றன. அது வேறு கட்டுரைக்கான பொருள். இங்கே கேட்கவேண்டியது ஒன்றுதான்: சிறுநீரகம் இல்லாத ஒருவருக்குள் அனுப்பும் மருந்து எந்த வழியாக வெளியே போகும்?

கடோலினியத்துக்கு நியாயமும் செய்யவேண்டும். தோல் இறுகும் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை, அயனியை நீள்சங்கிலி மூலக்கூறால் தளர்வாகப் பிடித்திருந்த பழைய வகைகள். வளைய மூலக்கூறுக்குள் கூண்டிட்டு அடைத்த புதிய வகைகள் மிக உறுதியானவை. பழைய நீள்சங்கிலி மருந்துகளில் பெரும்பாலானவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. முற்றிய சிறுநீரக நோயாளிகள் 4,931 பேர் பற்றிய தரவுகளை ஒன்றுதிரட்டி 2020-இல் வெளியான ஆய்வில், பாதுகாப்பானவை என்று வகைப்படுத்தப்பட்ட மருந்துகளைப் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. ஆகவே ‘டயாலிசிஸ் நோயாளிக்குக் கடோலினியம் போட்டால் ஆபத்து’ என்று இன்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. நானோ துகள் ஆய்வுக் கட்டுரைகள் பல, முதல் பத்தியிலேயே இந்தப் பழைய பயத்தைக் காட்டித் தங்கள் துகளுக்கு இடம்பிடிக்கின்றன. வாசிக்கும்போது கொஞ்சம் ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் சங்கதி முடியவில்லை. தோக்கியோவைச் சேர்ந்த தோமோனோரி கண்டாவும் சகாக்களும் 2014-இல், பலமுறை கடோலினிய ஸ்கேன் எடுத்தவர்களின் மூளையில் இரண்டு இடங்கள் மருந்தே போடாத படத்திலும் வெளிச்சமாகத் தெரிவதைக் காட்டினார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தவர்களிடமும் கடோலினியம் தங்கியிருந்தது என்று பிறகு உறுதியாயிற்று. அதனால் தீங்கு உண்டா என்பது நிரூபணமாகவில்லை. வெளியேறும் பெரும்பங்கோ கழிவுநீர் வழியாக ஆற்றுக்குப் போகிறது. பெர்லின் ஆறுகளில் அது இயற்கைக்கு மீறிய அளவில் இருப்பதை 1996-லேயே அளந்தார்கள்.

கடோலினியம் வரும் வழியும் நமக்கு அன்னியமில்லை. கோலாலம்பூர் ஈய லம்பத்தில் பிறந்த ஊர். ஈயம் கழுவியபின் மிஞ்சும் ‘அமாங்’ மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அரிய மண் தனிமங்களின் கூட்டத்தில் கடோலினியமும் அதில் சிறிதளவு கலந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருப்பது இதே மோனசைட்தான். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் அமாங்கிலிருந்து அரிய மண் பிரித்த ஆலை, தோரியக் கழிவால் ஊரைக் கலக்கி, 1992-இல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஆளாகி, பின் மூடப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது குவாந்தானை அடுத்த கெபெங்கில் லைனாஸ் ஆலை மேற்கு ஆஸ்திரேலியத் தாதுவைப் பிரிக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது பட்டியலில் கடோலினியமும் இருந்தது. ஸ்கேன் அறைக் குப்பிக்கும் உலக வணிகச் சண்டைக்கும் அவ்வளவுதான் தூரம்.   

இரும்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உடலிலேயே மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அதைச் சேமிக்க உடல் செய்துவைத்திருக்கும் ஃபெரிட்டின் என்ற புரதக் கூடுகூட ஒரு நானோ துகள்தான். எட்டு நானோமீட்டர் குழிக்குள் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடுக்கிவைக்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் இதயத்திலும் கல்லீரலிலும் இப்படிச் சேரும் இரும்பு எம்.ஆர்.ஐ. படத்தைத் தானாகவே கறுக்கவைக்கிறது. மலேசியாவில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர். 2001-இல் லண்டன் மருத்துவர்கள் வகுத்த முறைப்படி இதயத்தசையில் டி2-ஸ்டார் என்னும் நேரம் 20 மில்லிவினாடிக்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது, பத்துக்குக் கீழே போனால் அபாயம். நோயே அங்கு கான்ட்ராஸ்ட் மருந்தாகிவிடுகிறது.

ஆனால் எல்லா இரும்பும் ஸ்கேன் மருந்துக்கு ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த கோலாலம்பூரைத் திரும்பக் கட்டச் செங்கல் கொடுத்தவை பிரிக்ஃபீல்ட்ஸ் சூளைகள். அந்தச் செங்கல்லின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் அது ஹேமடைட். காந்தம் அதைச் சட்டை செய்யாது. டயாலிசிஸ் குப்பியில் உள்ள ஆக்சி-ஹைட்ராக்சைடும் காந்தத்தில் மெலிந்ததே. ஸ்கேனுக்கு வேண்டியது மேக்னடைட் அல்லது மேக்ஹமைட். ஐந்து முதல் பத்து நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகளுக்குள் ஆயிரக்கணக்கான இரும்பு அணுக்களின் காந்தங்கள் ஒரே அணியாகத் திரும்புகின்றன. கடோலினியத்தில் அயனிக்கு அயனி தனித்தனி; இங்கே ஒரு படை. ஆனால் துகள் இவ்வளவு சிறிதாக இருப்பதால், வெளிக் காந்தம் விலகியவுடன் வெப்பத்தின் அசைவே அந்தத் திசையை ஓயாமல் புரட்டி, சராசரியில் காந்தம் இல்லாமல் ஆக்கிவிடும். இந்தக் குணத்துக்குச் சூப்பர்பாராகாந்தம் என்று பெயர். துகள் இதைவிட மிகப் பெரிதானால் ஸ்கேன் முடிந்தபிறகும் காந்தமாகவே இருந்து ரத்தக்குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அளவு என்பது இங்கே அலங்காரம் அல்ல, உயிர்ப் பிரச்சினை.

டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைத் தொடரால் போர்த்திய இத்தகைய துகள்களை ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் 1996-இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்ற துப்புரவுப் பணியாளர்கள் உண்டு; ரத்தத்தில் வரும் அன்னியத் துகள்களை விழுங்குவது அவற்றின் வேலை. இரும்பை விழுங்கிய ஆரோக்கியமான கல்லீரல் படத்தில் கறுத்துப்போகும். புற்றுக் கட்டிக்குள் குப்ஃபர் செல்கள் அரிது, ஆகவே கட்டி மட்டும் வெளிச்சமாகத் தங்கும். அருமையான யோசனை. 2001-இல் ஐரோப்பாவில் ரெசோவிஸ்ட் வந்தது. நிணநீர்க் கணுக்களுக்கென்று இன்னொரு துகள். 2003-இல் ஹரிசிங்கானியும் சகாக்களும் புராஸ்டேட் புற்று பரவிய மிகச் சிறு கணுக்களை அதைக் கொண்டு காட்டியபோது பெரிய பரபரப்பு.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் கடை காலி. ஃபெரிடெக்ஸ் உற்பத்தி 2008-இல் நின்றது. ரெசோவிஸ்ட் ஜப்பான் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் தாக்குப்பிடித்தது. நிணநீர்த் துகளின் விண்ணப்பத்தை அதன் நிறுவனமே ஐரோப்பாவில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நச்சுத்தன்மை இதற்குக் காரணம் இல்லை. இரும்பு படத்தைக் கறுக்கவைக்கும். ரத்தக்கசிவும் காற்றும் சுண்ணாம்புப் படிவும் கறுப்பாகவே தெரியும். எது மருந்து, எது நோய் என்று பிரிப்பதில் ஐயம். துகளைச் சுற்றிக் கறுப்பு பரந்து படம் சிதையும். நிணநீர்க் கணு பார்க்க வேண்டுமானால் ஊசி போட்டுவிட்டு ஒரு நாள் கழித்து வரவேண்டும். அதே காலத்தில் கல்லீரல் செல்லுக்குள்ளேயே புகும் கடோலினிய மருந்து வந்துவிட்டது. கட்டி இருளாக, கல்லீரல் வெளிச்சமாக, ஒரே அமர்வில். கதிரியக்க மருத்துவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

ஸ்கேன் அறையில் தோற்ற துகள் டயாலிசிஸ் அறையில் வேலைக்குச் சேர்ந்தது. ஃபெருமாக்ஸிடால் என்ற மருந்தை 2009 ஜூன் 30 அன்று எஃப்.டி.ஏ. அனுமதித்தது, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. உள்ளே இருப்பது சர்க்கரைத் தோல் போர்த்திய அதே வகைக் காந்த இரும்பு ஆக்சைடு. 17 மில்லிலிட்டரில் 510 மில்லிகிராம் இரும்பு. முதலில் அதைக் கலக்காமல், பதினேழே வினாடியில் நேராக ஏற்ற அனுமதித்திருந்தார்கள். விளம்பரத்துக்கு வசதி, நோயாளிக்கு அவ்வளவாக இல்லை. ஐந்தாண்டில் கடும் ஒவ்வாமை 79 பேருக்கு, அவர்களில் 18 பேர் இறந்தார்கள். 2015-இல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது: நீர்க்கக் கலந்து, குறைந்தது பதினைந்து நிமிடம் எடுத்து ஏற்றவேண்டும்.

இதற்குள் கதிரியக்க மருத்துவர்கள் சிலர் இந்த ரத்தசோகை மருந்தை மெல்லக் கடன் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ரத்தத்தில் அதன் பாதி நேரம் ஏறத்தாழ 15 மணி. கடோலினியம் ஓரிரு நிமிடத்தில் நாளத்தைவிட்டுக் கசிந்துவிடும். இது மணிக்கணக்கில் நாளத்துக்குள்ளேயே ஓடும். தமனி, சிரை எல்லாவற்றையும் அவசரமின்றிப் படமெடுக்கலாம். அளவைச் சரியாக வைத்து, டி1 பார்வையில் எடுத்தால் ரத்தநாளம் கறுக்காமல் வெளிச்சமாகவே தெரியும். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போடவேண்டியவர்களுக்கு, எந்தச் சிரை தேறும், எது அடைத்திருக்கிறது என்ற வரைபடம்தான் முதல் தேவை. 2019-இல் வெளியான பல மையப் பதிவேடு 3,215 பேருக்கு ஸ்கேனுக்காகப் போட்ட 4,240 ஊசிகளைக் கணக்கெடுத்தது. பக்கவிளைவு 1.9 விழுக்காடு, உயிருக்கு ஆபத்தான நிகழ்வு இல்லை.

செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகம் இந்தக் கதையில் நுழைவது வேறு கோணத்தில். பேராசிரியர் முகமட் சோபிர் ஹுசேன் தலைமையில் அங்கே பல ஆண்டுகளாக அடுக்கு ஹைட்ராக்சைடுகளை ஆராய்கிறார்கள். அட்டைக் கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கனிமத் தாள்கள் அவை. இடையிடையே மருந்து மூலக்கூறைச் செருகிவைக்கலாம், அது மெல்லக் கசியும். முகமட் சானி உஸ்மானும் சகாக்களும் 2017, 2018 ஆண்டுகளில் இதே யோசனையை ஸ்கேனுக்கு நீட்டினார்கள். கிராஃபீன் ஆக்சைடுத் தாளில் குளோரோஜெனிக் அமிலத்தை ஏற்றி, கடோலினியத்தைச் சேர்த்து, மேலே தங்கத் துகள்களைப் படியவைத்தார்கள். குளோரோஜெனிக் அமிலம் வேறொன்றுமில்லை, வறுக்காத கோப்பிக் கொட்டையில் நிறைய இருக்கும் அதே அமிலம். ஒரே துகள் கட்டியைக் காட்டவும் வேண்டும், மருந்தைக் கொண்டுபோகவும் வேண்டும் என்பது எண்ணம். ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களிலும் 3டி3 என்ற சாதாரணச் செல்களிலும் சோதித்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் வைத்து வெறும் கடோலினிய நைட்ரேட்டோடு ஒப்பிட்டார்கள்.

செய்முறையாக இது கச்சிதமான வேலை. மருந்தாக இது வெகுதூரம் போகவேண்டிய வேலை, அந்தத் தூரத்தின் பெரும்பகுதி வேதியியல் அல்ல. ஒரு துகளில் நான்கு பொருள்கள் இருந்தால், உடலுக்குள் நான்கும் எங்கே போகின்றன என்று நான்கு தனிக் கணக்குக் காட்டவேண்டும். தங்கம் எத்தனை ஆண்டு கல்லீரலில் கிடக்கும்? கிராஃபீன் தாள் என்ன ஆகும்? செல் தட்டில் கிடைக்கும் பிரகாசம் இந்தக் கேள்விகளைத் தொடுவதில்லை. உலகம் முழுக்க நானோ கான்ட்ராஸ்ட் ஆய்வுகளின் பொதுவான பலவீனம் இது. செர்டாங்குக்கு மட்டும் உரியதன்று. துகளுக்கு மேல் துகளாகச் சேர்த்தால் ஆய்விதழுக்குப் புதுமை கிடைக்கும். மனித உடலுக்குள் போய் வெளிவந்தவையோ ஒன்றிரண்டு பொருள் மட்டுமே கொண்ட எளிய துகள்கள்.

பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் உருவாக்கிய அகுயிக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. சிலிக்கா வலைப்பின்னலில் கடோலினியக் கூண்டுகளைக் கோத்த, ஐந்து நானோமீட்டர் அளவுள்ள துகள் அது. மூளைக்குப் பரவிய புற்று உள்ள 15 நோயாளிகளுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தரை நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் துகள் சிறுநீரகச் சல்லடையைத் தாண்டி வெளியேறிவிடும் என்று 2007-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அன்றிலிருந்து துறையின் பொன்விதி அதுதான்: சிறிதாகச் செய், சிறுநீரில் போகட்டும்.

பொன்விதி நம் டயாலிசிஸ் நாற்காலிக்குப் பொருந்தாது. அங்கே அந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது. சிறுநீரகத்தை நம்பாத துகளே அவர்களுக்கு வேண்டும். இரும்பு ஆக்சைடு அப்படிப்பட்டது: கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிக் கரைக்கும், கரைந்த இரும்பு உடலின் சேமிப்பில் சேரும், அங்கிருந்து எலும்பு மஜ்ஜை வழியாகப் புதிய சிவப்பணுவில் ஏறும். வெளியேறவே வேண்டியதில்லை, உபயோகப்பட்டுவிடுகிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது, என் பார்வையில் இந்த விஷயத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. ஸ்கேனுக்குப் போடும் ஃபெருமாக்ஸிடால் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு மூன்று, நான்கு மில்லிகிராம் இரும்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 முதல் 240 மில்லிகிராம், அதாவது பழுப்புக் குப்பி இரண்டு. டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த மாதம் எப்படியும் ஏற்றவேண்டிய இரும்பே ஏறத்தாழ அவ்வளவு. பிரிட்டனில் 2,141 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான பிவட்டல் ஆய்வில், தாராளமாக இரும்பு பெற்ற பிரிவுக்கு மாதம் 400 மில்லிகிராம்வரை கொடுத்தார்கள், கெடுதல் நேரவில்லை. சிகிச்சைக்கான இரும்பைச் சரியான நாளில், காந்தத்துக்குப் படியும் வடிவத்தில் ஏற்றினால், அதுவே ஸ்கேன் மருந்து. உடலுக்கு ஒரு புதிய பொருள்கூட அதிகமாகப் போகவில்லை. வேறு எந்த நோயாளிக் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

பிறகு ஏன் இது பரவலாக நடக்கவில்லை? முக்கியக் காரணம் பணம். ஃபெருமாக்ஸிடாலின் பொது மருந்து வடிவத்துக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பொது வடிவம் வந்துவிட்ட ஒரு மருந்துக்குப் புதிய பயன்பாட்டை நிரூபிக்கப் பெரும் சோதனை நடத்தச் செலவிட எந்த நிறுவனமும் துடிப்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளோ ஏழைச் சந்தை. ஆகவே நோயாளி நிறைந்த, எம்.ஆர்.ஐ. நிறைந்த, மருத்துவ இயற்பியலும் பொருளறிவியலும் பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் ஓர் இடத்தில்தான் இதைச் செய்யமுடியும். லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, செர்டாங்கில் புத்ரா, பெட்டாலிங் ஜெயாவில் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை, கிள்ளானில் நிரம்பி வழியும் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எல்லாம் அடங்கும், நெரிசல் அனுமதித்தால். ஐந்தாவது பொருளைத் துகளில் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே தெரிந்த இரும்புத் துகளை ஃபிஸ்டுலா நாள வரைபடத்துக்கு இங்கே முறையாகச் சோதிப்பது நோயாளிக்கு விரைவில் உதவும்.

கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் கீ ரோஸ்டோக்கரும் சகாக்களும் 2012-இல், ஊசி வழி இரும்பு பெற்றுவந்த 119 டயாலிசிஸ் நோயாளிகளின் கல்லீரலை எம்.ஆர்.ஐ.யால் அளந்தார்கள். 84 விழுக்காட்டினரிடம் இரும்பு அளவுக்கு மீறியிருந்தது. ரத்தப் பரிசோதனை காட்டாததைப் படம் காட்டியது. மாதாந்திர இரும்புக் கணக்கில் ஸ்கேன் இரும்பைச் சேர்க்காமல் விட்டால் இந்தச் சுமை கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபெருமாக்ஸிடால் போட்டபின் மூன்று மாதம்வரை எம்.ஆர்.ஐ. படங்கள் மாறித் தெரியலாம் என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. இடையில் வேறொரு மருத்துவமனையில் வயிற்று வலிக்குப் படமெடுக்கும் மருத்துவர், கறுத்த கல்லீரலைக் கண்டு நோயாளிக்கு இல்லாத இரும்பு நோயைத் தேடிப் புறப்படக்கூடும். ஊசி போட்ட தேதியும் அளவும் நோயாளி கையோடு கொண்டுபோகும் டயாலிசிஸ் புத்தகத்திலேயே எழுதப்படவேண்டும், மாதாந்திர இரும்புக் கணக்கின் அதே வரிசையில்.